இரும்பு மரத்தில் ஒற்றைக் கொம்பு

அன்பு மகள் ஒஃபேலியாவுக்கு, சொனோராவிலிருந்து அப்பா நபோர் சொல்லச் சொல்ல தோமாசா டீச்சர் எழுதுவது. அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கன்னித்தாய் துணை. இங்கே நாங்கள் சுகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை மகளே. உன் தம்பி லிப்ராதோ விற்க மான் கொம்பு பொறுக்கவென்று மலைக்குப் போய் இன்றோடு இருபத்தாறு நாள், இன்னும் வீடு திரும்பவில்லை. போனில் உன் அம்மா அழுத அழுகையில் உனக்குப் பாதிதான் விளங்கியிருக்கும், அதனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் கழுதைக்காது மான் மார்ச்சில் சூசையப்பர் திருநாள் கழியாமல் கொம்பை உதிர்க்காது, அறுபது வருஷமாக நான் கண்டது, நீ பிறந்த வருஷம் திருநாளன்றைக்கே ஒரு ஜோடி எடுத்தேன், இடது கொம்பில் ஐந்து கிளை, வலதில் நாலு. பிப்ரவரியிலேயே லிப்ராதோ வந்து, அப்பா, நீங்க தொழில் பழக்கின சிரிலோ புதுக் கொம்பு ரெண்டு கொண்டாந்துட்டான், ஆண் மானெல்லாம் மொட்டைத் தலையோட திரியுதாம், நானும் கிளம்பறேன் என்றான். நான் சிரித்தேன். அவன் போன வருஷத்துப் பழசை எண்ணெய் போட்டுத் துடைச்சுக் காட்டறான், வாயைப் பிளந்துட்டுப் பார்த்தியாக்கும் என்றேன். பிள்ளை என் பேச்சைக் கேட்டு இருந்துவிட்டான். திருநாள் முடிந்து பார்த்தால் பக்கத்துக் குன்றுகளில் ஒரு கொம்புகூட மிச்சமில்லை, எல்லாரும் பொறுக்கியாகிவிட்டது, அதனால்தான் அவ்வளவு தூரம் செங்குன்றுக்குப் போனான். கூட ரெண்டு பாட்டில் தண்ணீர் எடுக்கப் போனவனை, எதுக்குடா சுமை, தெற்குப் பாறைக்குழியில தண்ணி இருக்கும், எனக்குத் தெரிஞ்சு வத்தினதே இல்லைன்னு தடுத்ததும் நான்தான். மழை பொய்த்து மேய்ச்சல் இல்லாமல் மெலிந்ததால்தான் மான்கள் முன்னாலேயே கொம்பை விட்டிருக்கின்றன. மானுக்கே அந்தக் கதி என்றால் குழியில் தண்ணீர் ஏது? இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்க்க இந்த மண்டைக்கு எட்டவில்லை.

மூன்று நாளில் வருகிறேன் என்றவன் வராததால் நாலாம் நாள் தேடப் போனோம், வடக்குச் சரிவில், மான் அங்கேதான் அதிகம் என்று. உனக்கே தெரியும், ஒரு பக்கத்துக் கொம்பு கிடைத்தால் அதை அங்கேயே மரத்தில் மாட்டிவிட்டு ஜோடியைத் தேடிப் போவோம், மாட்டியதை அடுத்தவன் தொடமாட்டான், இடத்தையும் யாரிடமும் சொல்லமாட்டான். லிப்ராதோ போன ரெண்டாம் நாளே சிரிலோ தெற்குச் சரிவில் இரும்பு மரத்தில் ஒரு கொம்பு தொங்குவதைப் பார்த்திருக்கிறான். ஏழாம் நாள் வரை வாய் திறக்கவில்லை. கடைசியில் அவன் பெண்டாட்டி, மனுசனைக் காணோம்னு ஊரே அலையுது, நீ கொம்புக்கு ரகசியம் காக்கறியா மூளை கெட்டவனேன்னு தள்ளிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தினாள். மாமா, யாரோட கொம்போன்னு இருந்துட்டேன், இடத்தைச் சொல்றவன் திருட்டுக்குத் துணைன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே என்று அழுதான். அவனை அடிக்கக்கூட எனக்குக் கை எழவில்லை.

மரத்தடியில் உன் தம்பியின் இடது குதிகால் தேய்ந்த பூட்ஸ் தடம் இருந்தது. தடம் பாறைக்குழிக்குப் போகிறது. குழியில் வெடித்த சேறுதான். அதற்கப்புறம் வெறும் கல், காற்று. பதினைந்து நாள் தேடிய ஆட்கள் போய்விட்டார்கள், நான் மட்டும் தினமும் விடியலில் போய் வருகிறேன். உன் அம்மா அவன் பங்கு ரொட்டியைச் சுட்டுத் துணியில் மூடி வைக்கிறாள், மறுநாள் கோழிக்குப் போடுகிறாள்.

நீ கிளம்பி வராதே. அங்கே இருக்க அரசாங்கக் காகிதம் இல்லாதவள் இங்கே வந்தால் திரும்பிப் போக அந்த எல்லைப் பாலைவனத்தைத்தான் திருட்டுத்தனமாக நடந்து தாண்டவேண்டும், குழந்தை அங்கே, நீ இங்கே என்று ஆகிவிடும். அம்மா வா என்பாள், கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அவளைக் கூப்பிட்டுப் பேசு. வேலைக்குப் போகும்போது தண்ணீர் எடுத்துக்கொண்டு போ.

கொம்பை நான் எடுக்கவில்லை. எலி நுனியைக் கடித்திருந்தது, அதனால் ஒரு கிளை மேலே தூக்கிக் கட்டியிருக்கிறேன். எடுத்தால் மாட்டியவன் வரமாட்டான் என்று ஆகிவிடும். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது மகளே, எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் எப்படியோ வடக்கே நடந்து அவன் உன் கதவைத் தட்டினால், முதலில் தண்ணீர் கொடு, அப்புறம் சொல், கொம்பை யாரும் தொடவில்லை என்று.

உனக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம்.

உன் அப்பா
நபோர்
(கைநாட்டு)