உடைசல் சேர்த்த பிஸ்காட்டி

திங்களுக்கு ஒருமுறை பகல் முழுதும் மின்தடை செய்வார்களே, அப்படி ஒரு நாளில்தான் உறைபெட்டியைத் துடைக்கலாம் என்று திறந்தேன். பனி உருகிக் கூடத்துக்கு வந்துவிடும் என்று நீ எப்போதும் முன்கூட்டியே பழந்துணி விரித்து வைப்பாய். எனக்கு அது நினைவுக்கு வந்தபோது நீர் நிலைப்படியைத் தொட்டிருந்தது. கெட்டித்திருந்த பனி பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னே கைவிட்டேன். வெள்ளித்தாளில் சுற்றிய கட்டை ஒன்று தட்டுப்பட்டது. முழங்கை நீளம், உள்ளங்கை அகலம். தாளின் ஓரத்தைப் பிரித்தேன். சோம்பு மணந்தது.

ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீ போன பின் மாம்பழக் காலம் ஒன்று வந்து முடிந்துவிட்டது. அத்தனை நாளும் நீ செய்த பிஸ்காட்டி இந்த வீட்டிலேயே, பனிக்குள் இருந்திருக்கிறது. கட்டையாக ஒருமுறை சுட்டு, ஆறியதும் துண்டுகளாக அறுத்து, மறுமுறை சுட்டால்தான் அது பிஸ்காட்டி. உனக்கு உடல் நலம் கெட்ட அன்று மாலை நீ முதல் முறை சுட்டு முடித்திருந்தாய். நான் கூடத்தில் மறுநாள் உரைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். உறைபெட்டியின் கதவு மூடும் ஒலி கேட்டது. பிறகு நீ வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாய்.

"ஏமண்டி, ஒரு ஆட்டோ கூப்புடுங்க. பயப்படாதீங்க. மூச்சு மட்டும் சரியா வர்ல."

அந்தக் கதவு எதற்காக மூடியது என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்த வேளையிலும் சுட்டது வீணாகக் கூடாது என்று சுற்றி உள்ளே வைத்துவிட்டு, அதன் பிறகே உன்னைப் பற்றி என்னிடம் சொல்ல வந்திருக்கிறாய். திரும்பி வந்து மறுமுறை சுடலாம் என்று எண்ணியிருப்பாய். ஓசூர் எல்லை தாண்டிப் பெங்களூரு மருத்துவமனைக்குப் போனோம். வாரம் முடியுமுன் எல்லாம் முடிந்தது.

இந்தப் பண்டம் நம் வீட்டுக்குள் நுழைந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். உன் பிஸ்கட் தொழிற்சாலையில் புதிய சூளை பொருத்துவதற்கு இத்தாலியிலிருந்து பொறியாளர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தம் ஊர்த் தகரப் பெட்டியைத் தேநீர் இடைவேளையில் உங்கள் மேசைமேல் திறந்து வைத்தாராம். உன் வரிசையில் வேலை பார்த்தவள், நம் கீழ்வீட்டு நூர்ஜகான், ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாளாம்.

"அய்யோ, பல்லு போனா கம்பெனி கட்டிக் குடுக்குமா?"

"டீயில முக்கித் தின்னு நூரு. இது நம்ம ரஸ்க்குக்குப் பெரியப்பா மவன்" என்றாயாம் நீ.

மிச்சத்தைக் கைக்குட்டையில் முடிந்து எனக்குக் கொண்டுவந்தாய். நான் தின்றுகொண்டிருக்கும்போதே கேட்டாய்: "சொல்லுங்க, இதுக்கு இன்னா பேர் வெப்பீங்க?"

பிறமொழிச் சொல் ஒன்று வீட்டு வாசலுக்கு வந்தால் அதற்குத் தமிழ் உடை தைத்துத்தான் உள்ளே விடுவேன் என்பது உனக்குத் தெரியும். மென்று முடிப்பதற்குள் சொன்னேன்: "இருவேக்காட்டு ரொட்டி."

"அரவேக்காடுன்னு திட்டற மாதிரி கீது. அது போவட்டும், ரொட்டி மட்டும் தமிழா?"

ஓசூர் முதல் பர்கூர் வரை எத்தனையோ மேடைகளில் எதிர்வாதம் செய்தவரை வாயடைத்திருக்கிறேன். தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்து, கன்னடத்தில் காய் வாங்கி, தமிழில் என்னோடு குடித்தனம் செய்த உன் எதிரில் அன்று இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். "நீங்க பேர் வெச்சிகினே இருங்க, நான் சுட்டுகினே இருக்கேன்" என்று எழுந்து போனாய். இம்மடலில் பிஸ்காட்டி என்றே எழுதுகிறேன். உன் வாயிலிருந்து வந்த பெயரை மாற்ற இப்போது மனம் வரவில்லை.

கைப்பேசியில் பார்த்துப் பார்த்துக் கற்றாய். பாதாம் போட வேண்டிய இடத்தில் நீ உடைசல் போட்டாய். தொழிற்சாலை வரிசையில் உடைந்துபோகும் பிஸ்கட்டையும் குக்கியையும் உறையிலிட்டு விற்க முடியாது. அவற்றைப் பெயர் அச்சிடாத பைகளில் கட்டித் தொழிலாளர்களுக்கே எடை போட்டுத் தருவார்கள். எந்தப் பையில் எது இருக்கும் என்று பிரித்தால்தான் தெரியும். ஒரு திங்கள் தேங்காய், மறு திங்கள் முந்திரி, நல்வாய்ப்பு இருந்தால் சாக்லேட் பொட்டு வைத்த குக்கி. நம் தெருப் பிள்ளைகள் முழு பிஸ்கட்டைக் கண்டால் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்கும். அந்த உடைசலைப் புளியங்கொட்டை அளவுக்கு நொறுக்கி, மாவு திரண்ட பிறகு கடைசியில் தூவி, இரண்டே புரட்டு புரட்டுவாய். மூன்றாவது புரட்டுக்குக் கரைந்துவிடும் என்பாய்.

அதே உடைசலைப் பற்றி உங்கள் ஆலை வாயிற்கூட்டத்தில் நான் ஒருநாள் முழங்கினேன். "முழுமை சந்தைக்கு, உடைசல் உழைப்பாளிக்கு! இதுவா நீதி?" என்று மேசையைக் குத்திக் கேட்டபோது கைதட்டல் சாலையின் மறுபக்கம் வரை கேட்டது. நீயும் கூட்டத்தில் நின்று தட்டினாய். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றியபடியே சொன்னாய்:

"நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா உடைசல் வாணாம்னு எங்கயாச்சும் எழுதிக் குடுத்துறாதீங்க, தலைவரே. நிறுத்திட்டா நான் எதப் போட்டுப் பிசையறது?"

அந்த வாயிலில்தான் உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பிறருக்காக எத்தனை இரங்கல் உரை ஆற்றியிருப்பேன் என்று நீ அறிவாய். கல்லுடைக்கும் தோழர் ஒருவர் மறைந்தபோது நான் பேசியதைக் கேட்டு நீயே முந்தானையால் கண் துடைத்திருக்கிறாய். உன் படத்தருகே ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். வாங்கினேன். கூட்டம் காத்திருந்தது. பணிமாற்றச் சங்கு ஊதி ஓய்ந்தது. நூர்ஜகான்தான் வந்து ஒலிவாங்கியை வாங்கி வைத்தாள். "போதும் அண்ணா, வாங்க" என்றாள், நான் நெடுநேரம் பேசிவிட்டதைப் போல.

ஈரத்தரையில் உட்கார்ந்தபடியே பெங்களூரில் இருக்கும் நம் மகளைக் கைப்பேசியில் அழைத்தேன். கட்டை கிடைத்ததைச் சொன்னேன். அவள் கேட்டாள்: "கெட்டுப்போச்சாப்பா?"

"இல்லை. மேலே இளகியிருக்கிறது. மின்னோட்டம் வந்ததும் மறுபடி உறையவைத்துவிடலாம்."

"இளகுனத மறுபடி வெக்கக் கூடாதுன்னு மீனுக்கே அம்மா சண்ட போடுவாங்க. இன்னிக்கே சுடணும்ப்பா."

நான் மறுத்தேன். சுட்டால் தின்ன வேண்டும், தின்றால் தீர்ந்துவிடும், தீர்ந்தால் உன் கை செய்தது என்று சொல்ல இவ்வுலகில் ஒன்றும் மிஞ்சாது. இதை அவளிடம் நான் இப்படிக் கோத்துச் சொல்லவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று மட்டும்தான் சொன்னேன்.

"ஐஸ்ல வெச்சுக் கும்புடறதுக்கா அம்மா செஞ்சாங்க? திங்கறதுக்குத்தானே செஞ்சாங்க? நான் லீவு சொல்லிட்டு பஸ் ஏர்றேன். வர்ற வரைக்கும் தொடாதீங்க."

அவள் வந்து சேர்ந்தபோது கட்டை முழுதும் இளகியிருந்தது. மாலையில் விளக்கு எரிந்தது. உன் சிறிய மின்னடுப்பைத் தூசி தட்டிச் சூடேற்றினாள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். அந்தச் சிறு பொழுதில் நான் கத்தியை எடுத்தேன். நீ என்னை அறுக்க விட்டதே இல்லை. ரொட்டிக் கத்தியைப் பூப்போல வைத்து, ரம்பம் இழுப்பதாய் இழுத்து இழுத்து அறுப்பாய். குக்கித் துண்டு இடறினால் நின்று, மூச்சு விட்டு, மறுபடி இழுப்பாய். எனக்கோ மேசையைக் குத்திப் பழகிய கை. காய் நறுக்கும் கத்தியைக் கட்டையின் நடுவில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினேன்.

கட்டை நெடுக்கில் பிளந்தது. பதறிப்போய் இரண்டு கையாலும் அணைத்துச் சேர்க்கப் பார்த்தேன். சேர்க்கச் சேர்க்க உதிர்ந்தது. கை எடுத்தபோது தட்டில் ஒரு துண்டுகூட முழுதாக இல்லை.

ஈரக்கையோடு வாயிலில் நின்ற மகள் தட்டைப் பார்த்தாள்.

"தொடாதீங்கன்னு சொன்னேனேப்பா" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "ஒரே ஒரு துண்டு. முழுசா ஒரே ஒரு துண்டு தின்னணும்னுதான் ஓடி வந்தேன் நான்." அடுப்பு மேடையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நீ மறைந்த அன்று அவள் அப்படி அழவில்லை. அன்று எனக்குச் சோறு ஊட்டவும் உறவினருக்குத் தேநீர் கொடுக்கவும் ஓடிக்கொண்டிருந்தாள்.

நூறு நூறு பேருக்கு ஆறுதல் சொன்னவன் நான். என் விரல்கள் மட்டும் தட்டில் எதையோ செய்துகொண்டிருந்தன. பெரிய கட்டிகளைப் பிட்டுச் சிறிதாக்கி, தூளை ஒதுக்கி, ஒன்றுபோல் ஒன்று இருக்கும்படி சேர்த்துக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தேன். புளியங்கொட்டை அளவு.

"மைதா இருக்கா பாரும்மா" என்றேன்.

அவள் தலை தூக்கி என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே டப்பாக்களைத் திறக்கத் தொடங்கினாள்.

முட்டையும் சீனியும் நான் அடித்தேன். சோம்பை அவள் இடித்தாள். ஆரஞ்சுத் தோலுக்குக் கீழ்க்கடைக்கு ஓடிப்போய் வந்தாள். மாவு கையோடு ஒட்டி வந்தது. எண்ணெய் தொட்டுப் பிசையச் சொன்னாள். திரண்டதும் உன்னுடைய உடைசலை உள்ளே தூவினேன். ஒரு புரட்டு, இரண்டாவது புரட்டு. கை நிற்க மறுத்தது.

"போதும்ப்பா, போதும். கரைஞ்சிடும்."

முதல் முறை சுட்டு எடுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை இருவரும் கட்டையின் எதிரே உட்கார்ந்திருந்தோம். இம்முறை ரொட்டிக் கத்தி. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இழுத்து இழுத்து அறுத்தேன். துண்டுகள் விழுந்தன, சாய்வும் கோணலுமாய் இருந்தாலும் முழுத்துண்டுகள். வெளிர் மாவுக்குள் நீ சுட்டவை பழுப்பாய், பொட்டுப் பொட்டாய்த் தெரிந்தன. அடுக்கி மறுபடி உள்ளே வைத்தோம். சோம்பு மணம் மாடிப்படி இறங்கிப் போயிருக்க வேண்டும். நூர்ஜகான் வாயிலில் நின்றாள். கையில் தேநீர் டம்ளர். முக்கித் தின்ன எப்போதும் தன் வீட்டுத் தேநீரோடு ஏறி வருவாளே, அப்படியே.

எங்கள் இருவரையும் பார்த்தாள். அடுக்களையில் வேறு யாரும் இல்லாததைப் பார்த்தாள்.

"வாசன வந்துச்சு அண்ணா" என்றாள். "ஒரு நிமிசம் மறந்தே போயிட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். மகள் அவளுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். முக்கினாள், தின்றாள். "இதுல அவ செஞ்சது எது?" என்று கேட்டாள். மகள் பழுப்புப் பொட்டுகளைத் தொட்டுக் காட்டினாள். நூர்ஜகான் மிச்சத் துண்டைத் தின்னாமல் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள்.

மகள் பாதியைப் பெங்களூருக்கு எடுத்துப் போனாள். என் பங்கில் ஒரு பிடியை நான் தின்னவில்லை. உடைத்துப் புட்டியில் போட்டு மூடினேன். தயிருக்கு உறை எடுத்து வைப்பதில்லையா, அதுபோல. அடுத்த மாவில் அந்தப் பிடியைச் சேர்த்தேன். அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அதற்கடுத்த மாவில் சேர்த்தேன். இப்போது தனியாகவே சுடுகிறேன். அறுப்பதற்கும் கை பழகிவிட்டது. துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எல்லாப் பொட்டுகளும் ஒரே நிறமாக இருக்கின்றன. எது நீ சுட்டது, எது நான் சுட்டது என்று பிரிக்க இயலவில்லை.

கூட்டத்தை ஏமாற்றிப் பழகாதவன், உன்னையா ஏமாற்றப் போகிறேன்? ஒவ்வொரு முறை பிசையும்போதும் அதில் நீ குறைகிறாய், நான் கூடுகிறேன். என்றோ ஒரு நாள் நீ ஒரு துகளும் இல்லாத கட்டையை இந்தக் கை உருட்டும். ஒருவேளை சென்ற வாரமே உருட்டிவிட்டதோ என்னவோ. அது எந்த நாள் என்பது எனக்குத் தெரியவே கூடாது. அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் தின்னுமுன் ஒரு பிடி எடுத்து மூடி வைக்கிறேன்.