அவள் கரை சேர்ந்த விதம்

அன்பின் சிநேகிதிக்கு,

நலமா என்று கேட்டு உன்னைச் சங்கடப்படுத்தப் போவதில்லை. இன்று ஞாயிறு பூசை முடிந்து தேவாலய மண்டபத்துக்குள் போனேன். யாரோ அப்போதுதான் தரை கழுவி முடித்திருந்தார்கள். மஞ்சள் போத்தலில் வரும் அந்த எலுமிச்சைத் திரவத்தின் வாசனை. உன் கதைத் தாள்கள் எல்லாம் அந்த வாசனையோடுதான் என் கைக்கு வரும். இந்த மொன்றியலில் கர்க்லாண்ட் பக்கம் வீடு துடைக்கப் போகும்போது தோளில் போட்டுக்கொண்டு போகிற பையில், துணிகளுக்கும் தூரிகைகளுக்கும் நடுவே அவற்றைச் செருகி வைத்திருப்பாய். நான் கோப்பிக் கோப்பையைப் பிடித்தபடி ஈரத் தரையில் அப்படியே நின்றுவிட்டேன். நீ பின்னால் வந்து "எடி, மிதிச்சுப் பழுதாக்கிப்போட்டியே" என்று கத்துவாய் என்று ஒரு நிமிடம் உண்மையாகவே காத்திருந்தேன்.

கத்தவில்லை. பங்குச் சபைத் தலைவர்தான் வந்தார்.

"தங்கச்சி, ஆண்டு நிறைவு மலரிலை அவவின்ர தொடர்கதையை முழுசாப் போடப்போறம். நீங்கள்தானே அப்ப ரைப் பண்ணித் தந்தது. அந்தக் கப்டன் வாற முடிவு விட்டுப்போகாமப் பாத்துக்கொள்ளுங்கோ. சனத்துக்கு அதுதான் விருப்பம்."

அடுத்த ஞாயிறுக்குள் கொடுக்க வேண்டுமாம். ஓம், தாறன் என்று சொல்லிவிட்டேன். என் வாயைத்தான் உனக்குத் தெரியுமே, நான் யோசிக்க முன்னம் அது ஓம் சொல்லிவிடும்.

அந்தக் கப்டனை எழுதியது நீயில்லை, நான். இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஐந்து வருடமாக நான் வாய் திறக்கவில்லை.

பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இன்னமும் அந்தப் பழைய கணினி இருக்கிறது. மகன் எறியச் சொல்லி எத்தனையோ தரம் சொல்லிவிட்டான், விடவில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் நீ வந்து அதற்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, காலை மடித்து வைத்துக்கொண்டு உட்காருவாய். மேலே சின்ன யன்னல். மாரியில் அதைப் பனி மூடிவிடும். வெளிச்சம் நீலமாக உள்ளே இறங்கும். அந்த நீலத்துக்குள் நீ வாசிப்பாய், நான் தட்டுவேன். ஒரு காலத்தில் ஊரில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்தவள் நான். கிழமை முழுக்கத் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்தில் பெட்டி ஒட்டிய விரல்கள் அங்கே வந்ததும் பழைய வேகத்தை எடுத்துவிடும். உன் குரல் போகிற வழியில் நானும் போவேன். கண்ணை மூடினால் இருநூறு, முந்நூறு வருடத்துக்கு முந்திய மொன்றியல் தெரியும். கல் வீடுகள், விறகுப் புகை, உறைந்த ஆறு. நடுவில் தண்ணீர் வாளியோடு உன் கதைப் பெண்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்த ஊரில் அடிமைகள் இருந்தார்கள் என்பதே எனக்கு நீ சொல்லித்தான் தெரியும். நீ துடைக்கிற வீட்டு மதாம் தன்னுடைய புத்தகங்களை எடுத்து வாசிக்க விட்டிருந்தார். வந்த புதிதில் கட்டாயத்துக்குப் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு, அகராதியும் கையுமாக, நீ அந்தப் பழைய நாவல்களை ஒவ்வொன்றாக முடித்தாய். ஒரு நாள் பொரிந்து தள்ளிக்கொண்டு வந்தாய்.

"ஒரு கதையிலை ஒரு கறுப்புப் பொம்பிளை தட்டத்தைக் கொண்டுவந்து மேசையிலை வைக்கிறாள். பேந்து கதவைத் திறந்து வெளியிலை போறாள். அவ்வளவுதான், ரெண்டு வரி. எழுதினவர் துரைமாரோடையே இருந்திட்டார், அவளுக்குப் பின்னாலை போகேல்லை."

"அதுக்கு?"

"நான் போகப்போறன்."

அப்படித்தான் உன் கதை தொடங்கியது. அவளைத் தீவு ஒன்றிலிருந்து கப்பலில் கொண்டுவந்தவர்கள் மரி என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கென்று தாய் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னிடமாவது சொல்லு என்று உன்னை எத்தனை தரம் கெஞ்சினேன். "அவளே சொல்லேல்லை. நான் எப்பிடிச் சொல்லுறது?" என்று சிரிப்பாய்.

நீ குனிந்து தரை துடைக்கிறவள், அவளும் தரை துடைக்கிறவள். அதனால் ஒரு நாள் பெரிய அறிவாளி மாதிரி, "இது உன்ர சொந்தக் கதைதானே?" என்று கேட்டேன். உனக்கு வந்த கோபம்!

"விசர்க்கதை கதையாதை. எனக்கு வெள்ளிக்கிழமை சம்பளம் வரும். பின்னேரம் பஸ் ஏறி வீட்டை வாறன். அவளுக்கு வெள்ளிக்கிழமையும் இல்லை, வீடும் இல்லை. அவளின்ர வயித்திலை பிறக்கிற பிள்ளையும் அவளுக்கு இல்லை. என்னைக் கொண்டுபோய் அவளுக்குப் பக்கத்திலை வையாதை."

அதன்பிறகு நான் அப்படிக் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்வாய். அந்த நாவல்களில் எப்போதாவது ஓர் அடிமைப் பெண்ணுக்கு விடுதலை கிடைத்தால், கட்டாயம் ஒரு நல்ல துரை வருவாராம். கண் கலங்குவாராம். கடதாசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாராம். அவள் அவருடைய காலடியில் அழுவாளாம். "குடுக்கிறவரைப் பற்றின கதையடி அது. வாங்கினவளைப் பற்றி இல்லை" என்பாய். உன் கதையில் யாரும் கொடுக்கப்போவதில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தாய். நான் தலையாட்டினேன். தலையாட்டியதை மறந்தும் போனேன்.

அவள் மாரியில் ஆற்றின் மேல் நடந்து தப்பப்போகிறாள் என்று முடிவானபோது, பனிக்கட்டியின் சத்தம் எப்படி என்று உனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கையில் மரக்கறிப் பைகளோடு, என்னையும் இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பின்பக்கத்து ஆற்றில் இறங்கினாய். தூரத்தில் இரண்டு பேர் பனியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வானமும் ஆறும் ஒரே வெள்ளை, எது எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. நாங்கள் எதன்மேலும் நிற்காமல் மிதப்பது போலிருந்தது. திடீரென்று காலுக்குக் கீழே எங்கேயோ ஆழத்தில் ஒரு நீண்ட முனகல். நான் உன் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"கையை விடு."

"பயமாக் கிடக்கடி."

"அதுதான் சொல்லுறன், விடு. ரெண்டு பேரின்ர பாரமும் ஒரு இடத்திலை விழக்கூடாது. தள்ளித் தள்ளித்தான் நடக்கவேணும்."

நீ முன்னால் போனாய். நாலைந்து முழம் தள்ளி நான் வந்தேன். கரை ஏறியதும் கையுறையைக் கழற்றி, கடை ரசீதின் பின்பக்கத்தில் அந்தச் சத்தத்தை எழுதிக்கொண்டாய். எனக்குப் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. உனக்கு முகமெல்லாம் சிரிப்பு.

உன் கதையைப் போட்ட பங்கு மலர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தது. ஐந்தாவது பகுதியில் அவள் இரண்டு பாண் ரொட்டியும் ஒரு போர்வையுமாக விடியப்புறத்தில் ஆற்றில் இறங்கினாள். நடு ஆற்றில் அவளை நிறுத்திவிட்டு, தொடரும் என்று போட்டாய். பிறகு நீ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய். வயிற்று வலி என்றார்கள். பிறகு புற்றுநோய் என்றார்கள்.

கோயில் வாசலில் கிழவிகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "பிள்ளை, அந்தக் கறுத்தப் பெட்டை கரை சேந்திட்டாளோ?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேள்வி. அச்சுக்குக் கொடுக்கும் நாள் நெருங்கியது. குழாய்களுக்கு நடுவில் கிடக்கிற உன்னைப் போய்த் தாள் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு காரணம். உள்ளே இன்னொன்றும் இருந்தது. நீ சாகப்போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்தியாவது பத்திரமாகக் கரை சேரட்டும் என்று கிடந்து தவித்தேன். நானே எழுதினேன். அக்கரையில் நல்ல மனதுள்ள ஒரு கப்டன் நின்றார். குளிரில் விறைத்த அவளைத் தன் மேலங்கியால் போர்த்தினார். விடுதலைக் கடதாசி எழுதிக் கொடுத்தார். அவள் முழங்காலில் விழுந்து அவருடைய கையை முத்தமிட்டாள். தட்டி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன், அவ்வளவு பிடித்துப்போனது.

ஊருக்கும் பிடித்தது. உன் பெயரில்தான் வந்தது. மலரைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் கையில் தந்தேன். நீ வாசித்தாய். முதலில் சிரித்தாய், இருமல் வரும்வரை சிரித்தாய். பிறகு புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தபடி கிடந்தாய்.

"அவ்வளவு தூரம் தன்ர காலாலை நடந்து வந்தவள். முழங்காலிலை விழுத்திப்போட்டியே."

"அவள் பிழைக்கவேணும் எண்டுதானே..."

"அந்த நாவல்காரரும் அப்பிடித்தான் நினைச்சிருப்பினம்."

நல்ல துரை வேறெங்கும் இல்லை, கணினிக்கு முன்னால் நான்தான் உட்கார்ந்திருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"நான் அவளை எழுப்பிவிடுறன். அடுத்த மலரிலை திருத்தி..."

"நீ எழுப்ப வேண்டாம். அவள் எழும்புவாள். நீ கையை எடு."

அடுத்த கிழமை போனபோது எட்டுத் தாள்கள் தந்தாய். சாப்பாட்டுத் தட்டோடு வருகிற தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாய். முன்பக்கத்தில் சூப், ஜெலி, பால் என்று பிரெஞ்சில் அச்சடித்திருந்தது. எழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து போயிருந்தது. "இதைப் போடு" என்றாய். ஓம் என்றேன். பன்னிரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

உன்னை அடக்கம் செய்த பூசையில் பங்குச் சுவாமி பிரசங்கத்தில் அந்தக் கப்டனைப் பற்றித்தான் சொன்னார். இரக்கத்தை இவ்வளவு அழகாக எழுதிய உள்ளம் என்று உன்னைப் புகழ்ந்தார். முன்வரிசையில் உன் மகன் தலை குனிந்து அழுதான். நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் தின்றது. அந்த வெட்கத்துக்குள்ளே, என் எழுத்தைப் பாராட்டுகிறார்களே என்று ஒரு சின்னச் சந்தோசமும் கிடந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. தாள்களை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அடுத்த மலர், அதற்கடுத்த மலர் என்று ஐந்து வருடம் போனது.

இன்று மண்டபத்திலிருந்து நேரே வீட்டுக்கு வந்து அவற்றை எடுத்தேன். மூக்கில் வைத்துப் பார்த்தேன். எலுமிச்சை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, வெறும் சேலை மணம். பேஸ்மென்டுக்குப் போய்க் கணினியைப் போட்டேன். யன்னலில் பனி. அதே நீலம். உன் குரல் இல்லாமல் உன் எழுத்தைத் தட்டுவது இதுதான் முதல் தரம். இரண்டு பக்கம் போகுமுன் குரல் வந்துவிட்டது.

உன் முடிவில் அக்கரையில் ஒருவரும் நிற்கவில்லை. பனிக்கட்டி முனகுகிறது. அவள் நின்று, கேட்டு, மறுபடி நடக்கிறாள். கரை ஏறுகிறாள். அக்கரையும் துரைமாருடைய கரைதான், அங்கும் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் இருக்கிறார்கள், இன்னும் நெடுந்தூரம் தெற்கே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பாவாடையில் ஒட்டிய பனியைத் தட்டிவிடுகிறாள். பாணில் பாதியைச் சாப்பிடுகிறாள். பிறகு, அந்தக் காலையில் கேட்க ஒருவரும் இல்லாத இடத்தில், தன்னுடைய பெயரைத் தானே உரத்துச் சொல்லிப் பார்க்கிறாள்.

கீழே ஒரு குறிப்புச் சேர்த்தேன்: "முன்பு வெளிவந்த முடிவு இதை எழுதியவருடையது அல்ல. தட்டெழுதியவள் தானாகச் சேர்த்தது." அதற்குக் கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். தலைவருக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன்.

"அப்ப கப்டன் இல்லையோ?" என்றார்.

"இல்லை அண்ணை. அவர் என்ர ஆள். நான் கூட்டிக்கொண்டு போறன்."

"சனம் உங்களைத்தான் ஏசும்" என்றார். ஏசட்டும். உன் மகனுக்கும் இனித்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். கடைசித் தாளில், அவள் பெயரைச் சொல்கிற இடத்தில், நீ மேற்கோள் குறியைத் திறந்து, இரண்டு விரல் அகலத்துக்கு வெறுமையாக விட்டு, குறியை மூடியிருக்கிறாய். இத்தனை வருடம் தட்டெழுதியவள் நான், வெற்றிடத்தைக் கண்டால் என் விரல் சும்மா இருக்காது. ஒரு நல்ல பெயர்கூட மனதில் வந்தது. ஸ்பேஸ் பாரைப் பத்துத் தரம் தட்டினேன். குறியை மூடினேன். கையை எடுத்துவிட்டேன்.