ஈரப்புடவையின் மறுமுனை

என் செல்ல அம்மாவுக்கு,

நீ போய் ஏழு பௌர்ணமி ஆகிவிட்டது. தம்பி வேலு நன்றாகத்தான் இருக்கிறான். பெங்களூரிலிருந்து மாதம் பத்து நாள் நான் வேங்கிக்கால் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். மற்ற நாட்களில் சித்தி பார்த்துக்கொள்கிறாள். முப்பது வயதிலும் சட்டைப் பொத்தானை மாற்றித்தான் போடுகிறான்.

உயிரோடு இருந்தபோதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

கடைசியாக நான் பெங்களூருக்குக் கிளம்பிய அன்று, சாப்பாட்டு டப்பாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாய். "கிரகணத்தன்னிக்கு நான் கத்திரிக்காய் அரிஞ்சேன். அதனாலதானடி இவன் இப்படி பொறந்தான்? நீ படிச்சவ, சொல்லு."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? பஸ்ஸு போயிடும்," என்றேன்.

டப்பாவை மூடிக் கொடுத்தாய். ஒன்பதாம் நாள் உனக்கு நெஞ்சு வலி. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பௌர்ணமி தவறாமல் மலை சுற்றினாயே, பக்தி என்றே நினைத்திருந்தேன். "கிரிவலத்துல அடி அண்ணாமலை வந்துட்டா போதும், மன்னிச்சுடு சாமி, மன்னிச்சுடு சாமினு அழுதுகினே நடப்பா," என்று காரியம் முடிந்த பிறகு சித்தி சொன்னாள். எத்தனை வருஷம் அம்மா? நான் பதில் சொல்லாததையும் ஆமாம் என்றுதான் எடுத்துக்கொண்டாயா?

என் வேலையை உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. "ரொட்டி மாவுல போடற ஈஸ்ட்டைப் பாக்கறா," என்று பக்கத்து வீட்டில் சொல்வாய். அந்த ஈஸ்ட் செல் இரண்டாகப் பிரியும் முன் தன் குரோமோசோம்களுக்கு நகல் எடுக்கும். ஒவ்வொன்றிலும் சென்ட்ரோமியர் என்று ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில்தான் மெல்லிய இழைகள் பிடித்து, ஒரு நகலை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் இழுக்கும். நீயும் வேலுவும் ஈரப்புடவையை ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிவீர்களே, அது மாதிரி. விறைப்பாக இருந்தால் பிடி சரி. தொய்ந்தால் செல் காத்திருந்து மறுபடி பிடிக்கும். அப்படியும் எப்போதாவது தவறி, இரண்டும் ஒரே பக்கம் போய்விடும்.

நுண்ணோக்கியில் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அங்கே கிரகணமும் இல்லை, அரிவாள்மணையும் இல்லை. கருமுட்டையிலும் இப்படித் தவறுவதுண்டு. வேலுவுக்கு ஒரு குரோமோசோம் கூடுதலாக வந்து, அவன் இப்படிப் பிறந்தது அதனால்தான். அவன் உண்டாகும்போதே அது நடந்து முடிந்துவிட்டது. நீ கத்திரிக்காய் அரிந்தது ஐந்தாம் மாதத்தில். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை அம்மா. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த பஸ் போனால் அடுத்த பஸ் இருந்தது.

நேற்று அலமாரியிலிருந்த உன் நீலப் புடவையை அலசினேன். வேலு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மாடியில் அப்படியே நின்றான். "அம்மா வரட்டும்," என்றான். நான் மறுமுனையை எடுத்தேன். அழுகையில் கை தளர்ந்துவிட்டது. "லூசா புடிக்கறக்கா, இழு," என்று கோபித்துக்கொண்டான்.

இந்தப் பௌர்ணமிக்கு அவனை அழைத்துக்கொண்டு மலை சுற்றுவேன். உனக்காகச் சாமியிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்க வேண்டியது நான், அதுவும் உன்னிடம். அவன் பிடித்திருக்கும் வரை என் முனையை விட மாட்டேன் அம்மா.

பதில் சொல்லாமல் பஸ் ஏறிய உன் மகள்,
வேலுவின் அக்கா