உதைக்காத தோட்டா

ஜூன் 10, சனி

மழை. தக்காளி நாற்றில் பாதியை மான் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. தின்னட்டும். அது என் வீட்டில் சாப்பிட்ட கடைசி விருந்து என்று அதற்குத் தெரியாது.

இன்று ஒரு வரலாற்றுச் சம்பவம் நடந்தது. எழுதி வைக்காவிட்டால் பின்னால் வருகிறவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். எல்வுட் கிஸ்ட்லர் ஆகிய நான், என் பழைய முந்நூறு மேக்னம் துப்பாக்கியையும் பனி தள்ளும் இயந்திரத்தையும் கடையில் கொடுத்துவிட்டு, முந்நூற்று எழுபத்தைந்து ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஆப்பிரிக்காவில் யானைக்கென்று வைத்திருக்கிற ரகம். தோட்டா ஒவ்வொன்றும் நல்ல கேரட் பருமன். பெட்டியை ஏற்றியதும் என் வண்டியின் பின்சக்கரம் இரண்டும் மண்டியிட்டன.

லொவினா வாசலுக்கு வந்து, பனி தள்ளும் இயந்திரம் எங்கே என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்போ ஜனவரியில பனியச் சுட்டே விரட்டப் போறீங்களா?" என்றாள். முப்பது வருஷத் தாம்பத்தியம். இவளுக்கு இன்னும் வரலாறு பிடிபடவில்லை.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். எங்கள் வேட்டைக் குடிலில், மானைக் குறி தவறவிட்டவனின் சட்டை வாலை, அதாவது பின்னால் தொங்கும் துணியை, கத்தரித்துவிடுவார்கள். துண்டில் பேரும் வருஷமும் எழுதி அடுப்புக்கு மேலே சுவரில் ஆணி அடிப்பார்கள். என் துண்டுகளை மட்டும் ஒட்டுப்போட்டால் பெரிய தேவாலயத்துக்கு ஜன்னல் திரை தைக்கலாம். அதில் எனக்கு வெட்கம் எதுவும் கிடையாது. ஆனால் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் தொடர்ந்து வெட்டுப்பட்டாயிற்று. மூன்றாம் வருஷமும் தொடர்ந்தால், குடிலின் விதிப்படி என் இடம் போய்விடும். பிரசங்கப் பாறை! இந்தப் பென்சில்வேனியா மலைகளிலேயே உட்காருவதற்குச் சிறந்த பாறை அது. அதை இழந்தவன் மற்றவர்கள் வேட்டைக்குப் போகும்போது சமையலறையில் நின்று கோதுமை அப்பம் சுட வேண்டும். குடில் தலைவன் ஹார்லன் ஸ்டவுட் எனக்கென்று ஒரு ஏப்ரன்கூட வாங்கி வைத்திருக்கிறானாம். கோழிப் படம் போட்டது.

குறி ஏன் தவறுகிறது என்று ஆழ்ந்து யோசித்தேன். தோட்டாவுக்கு பலம் போதவில்லை. வேறு காரணமே இல்லை.

ஜூன் 11

சுட்டேன். மலை இன்னும் அங்கேதான் இருக்கிறது. என்னைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

ஜூன் 12

தோளில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு தேசப்படம். வலது புருவத்துக்கு மேலே, உதையில் பின்னால் பாய்ந்து வந்த துப்பாக்கித் தொலைநோக்கியின் விளிம்பு ஒரு மூன்றாம் பிறையைச் செதுக்கியிருக்கிறது. அழகான பிறைதான். லொவினா களிம்பு தடவி மூடினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமலிருப்பதற்கு இந்தத் துப்பாக்கியைவிட உதை அதிகம்.

ஜூலை 1

தீயணைப்பு நிலையத்தில் கோழி வறுவல் விருந்து. ஊரே இருந்தது. ஹார்லன் தன் இரண்டாவது அரைக்கோழியோடு நேராக என் மேசைக்கு வந்து, பிறையை இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தான்.

"யாருடா எல்வுட் உன் நெத்தியில லாடம் அடிச்சது?"

கரடி என்றேன். இருட்டு, மழை, எனக்கும் அதற்கும் நடந்த மல்யுத்தம், கடைசியில் அது என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனது எல்லாவற்றையும் சொன்னேன். எதிரில் என் தங்கை எர்மாவின் மகள் ஆர்டித் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கிறவள். விரலில் எண்ணெய்க் கறையோடு வருஷம் தவறாமல் ஒரு மான் வீழ்த்துகிறவள்.

"அந்தக் கரடிக்கு நகமெல்லாம் இவ்வளவு வட்டமாவா இருந்துச்சு மாமா?" என்றாள்.

மேசை முழுக்கச் சிரிப்பு. போகும்போது மட்டும் என் காதோரம் வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியோடு சுடுகளத்துக்கு வரச் சொன்னாள். யார்கிட்டயும் சொல்லாதீங்க என்றாள். எனக்கு என்ன பயம்? போகிறேன்.

ஜூலை 9

ஆர்டித் என்னை மேசையில் உட்கார வைத்தாள். ஒவ்வொரு தடவையும் தோட்டாவை அவளே போட்டு, அடைப்பை மூடி என்னிடம் நீட்டுவதாக ஏற்பாடு. எனக்குப் பணியாள் வைத்துச் சுடுகிற ராஜா மாதிரி இருந்தது. முதல் வெடிக்குப் பக்கத்து மாவட்டத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. இரண்டாவது தடவை நான் குறிபார்த்து, மூச்சை அடக்கி, விசையை அழுத்தினேன்.

க்ளிக்.

உள்ளே தோட்டா இல்லை. அவள் போடவே இல்லை.

ஆனாலும் துப்பாக்கி துள்ளியது. நான்தான் துள்ள வைத்தேன். தோள் முன்னால் பாய்ந்து, முனை ஒரு சாண் கீழே இறங்கி, முகம் புளித்த முட்டைக்கோஸ் தின்ற மாதிரி சுருங்கி – இதெல்லாம் ஆர்டித்தும் பக்கத்து மேசைக்காரர்களும் பார்த்து எனக்குச் சொன்னது. நான் பார்க்கவில்லை. ஏனென்றால் என் கண் மூடியிருந்தது.

ஜூலை 10

கண்ணை மூடிட்டேன். நான். இத்தனை வருஷமும் மூடிக்கிட்டேதான் சுட்டிருக்கேனா? சுவத்துல தொங்குற அத்தனை துண்டும் – மான் குனிஞ்சுது, காத்து திரும்புச்சு, கிளை குறுக்கே வந்துச்சுன்னு சொன்னேனே – எல்லாம் இதுதானா? உதை விழப்போகுதுன்னு உடம்பு எனக்கு முன்னாடியே ஓடி ஒளிஞ்சுக்குது. பெரிய துப்பாக்கி வாங்க வாங்க, இன்னும் வேகமா ஒளிஞ்சுக்குது.

லொவினாவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியுமே," என்றாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 22

துக்கம் முடிந்தது. கிஸ்ட்லர் வம்சத்தில் யாரும் பன்னிரண்டு நாளுக்கு மேல் துக்கப்பட்டதில்லை.

ஆர்டித் அங்கிருந்தும் இங்கிருந்தும் மூன்று துப்பாக்கிகளை இரவல் வாங்கி வந்திருந்தாள். என் யானைத் துப்பாக்கியோடு பார்த்தால் மூன்றும் பல்குத்தும் குச்சிகள். இதில் எந்தத் தோட்டா எனக்கு என்பதுதான் இன்றைய மாநாடு.

இருநூற்று நாற்பத்து மூன்று: உதையே இல்லை, யாரோ தோளைத் தட்டி மணி கேட்பது போல. மானுக்குப் போதும். ஆனால் எங்கள் மலையில் கரடி உண்டு, அரசாங்க அனுமதிக் குலுக்கலில் பேர் விழுந்தால் எல்க் என்கிற பெரிய மானும் உண்டு. அவற்றுக்குக் கொஞ்சம் கனமான குண்டு வேண்டும் என்றாள் ஆர்டித். அடுத்தது ஆறரை மில்லிமீட்டர். அருமையாகத்தான் சுட்டது. ஆனால் இப்போது ஊரிலுள்ள தாடி வைத்த இளைஞன் ஒவ்வொருவனும் அதைத்தான் வைத்திருக்கிறான், எனக்கென்று ஒரு தனித்தன்மை இருக்கிறதல்லவா? மூன்றாவது, செவன்-எம்எம்-ஓ-எயிட் என்கிற ஏழு மில்லிமீட்டர். என் யானைத் துப்பாக்கியின் உதையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குண்டு மட்டும் எல்க்கின் விலா வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வரும்.

இதற்குப் பலம் போதுமா என்று கேட்டேன்.

"மானுக்குத் தோட்டாவோட பேரு தெரியாது மாமா," என்றாள். "ஓட்டை எங்க விழுந்துச்சுன்னு மட்டும்தான் தெரியும்."

இருந்தாலும் நான் முடிவு செய்தது அவள் சொன்னதற்காக இல்லை. அந்த ஏழு மில்லிமீட்டரில் நாலாவதோ ஐந்தாவதோ சுடும்போது, தொலைநோக்கிக்குள்ளே, வெள்ளைக் காகிதத்தில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி திடீரென்று முளைத்தது. என் குண்டு போட்ட ஓட்டை. அது பிறப்பதை நான் கண்ணால் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

ஜூலை 24

யானைத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து ஏழு மில்லிமீட்டர் வாங்கியாயிற்று. பனி தள்ளும் இயந்திரம் விற்றுப்போய்விட்டதாம். லொவினாவிடம் நாளை சொல்லலாம்.

செப்டம்பர் 16

வாரம் தவறாமல் சுடுகளம். பாதிநாள் ஆர்டித் உள்ளே வெற்றுத் தோட்டாதான் வைக்கிறாள். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று சொல்லவே மாட்டாள். சண்டாளி. இன்று வெற்றுத் தோட்டாவில் விசை இறங்கியபோது துப்பாக்கி முனை அசையவில்லை. ஒரு ஈ வந்து அதன் மேல் உட்கார்ந்து, கால் தேய்த்துவிட்டு, திருப்தியாகப் பறந்துபோயிற்று. இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. ஈ உண்மையாகவே வந்தது.

அக்டோபர் 21

ஹார்லனுக்குச் செய்தி எட்டிவிட்டது. தீவனக் கடையில் பத்துப் பேர் முன்னால், "என்ன எல்வுட், பூனைக்குட்டித் தோட்டா வாங்கியிருக்கியாமே? மானுக்குப் பாலும் ஊத்துவியா?" என்றான். அவன் வைத்திருப்பது முந்நூற்று முப்பத்தெட்டு. ஆளும் கதவு அளவு. கோழி ஏப்ரனைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்துவிட்டதாகவும் சொன்னான்.

சொல்ல ஐம்பது பதில் இருந்தது. தேர்ந்தெடுப்பதற்குள் அவன் வண்டியேறிவிட்டான்.

நவம்பர் 24

குடிலுக்கு வந்து சேர்ந்தோம். அடுப்பு, பீட்ரூட்டில் ஊறிய முட்டை, ஈரச் சாக்ஸ் மணம். என் துண்டுகள் சுவரிலிருந்து என்னைப் பார்க்கின்றன. ஏப்ரன் சமையலறை ஆணியில் தொங்குகிறது. அளவு சரியாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. படுக்கிறேன்.

நவம்பர் 25, சனி – வேட்டையின் முதல் நாள்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் தூறல். பிரசங்கப் பாறைக்குக் கீழே இரண்டு பெட்டை மான்கள் போயின. பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கடா. கொம்பில் ஒரு பக்கம் நாலு கிளை. எண்ணிப் பார்த்தேன், சட்டப்படி சரி. அது பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்தேன். விசை இறங்கியது. சத்தம் கேட்ட ஞாபகம் இல்லை. ஆனால் பார்த்தேன். முன்காலுக்கு ஒரு கையகலம் பின்னால் மயிர் பிளந்து எழும்பியது. முதுகு வில்லாக வளைந்தது. பின்காலிரண்டையும் உதறி, வாலை இறுக்கிக்கொண்டு மலைச்சரிவில் பாய்ந்து புதருக்குள் மறைந்துவிட்டது.

கீழே இறங்கிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. ஈர இலை மட்டும்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

ஹார்லன் வெடிச் சத்தம் கேட்டு வந்துவிட்டான். கழுத்தில் கயிறு கட்டிய கத்தரிக்கோல். அது அவன் பதவிச் சின்னம். மானையும் காணோம், ரத்தத்தையும் காணோம். அவன் முகத்தில் கிறிஸ்துமஸ் வந்தது. என் ஆரஞ்சு மேலங்கியை விலக்கி, சட்டை வாலை வெளியே இழுத்து, கத்தரியை வைத்தேவிட்டான்.

"சரி, கதையச் சொல்லு," என்றான். "இந்தத் தடவை எத்தனை மரம் சாஞ்சுது?"

"மரம் எதுவும் சாயல," என்றேன். "பாத்தேன் ஹார்லன். முன்னங்காலுக்குப் பின்னாடி, இந்த இடத்துல. முதுகு வளைஞ்சுது, பின்காலை உதறுச்சு. வால இறுக்கிக்கிட்டு அந்தப் புதருக்கு இடது பக்கமா இறங்குச்சு."

அவன் கத்தரியை மூடவில்லை. என் முகத்தையே பார்த்தான். தூறல் அவன் தொப்பி விளிம்பில் சொட்டியது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இடி இடிக்கல? மான் உன்கிட்ட ஒண்ணும் பேசல?"

"இல்ல."

ஹார்லன் என்னோடு முப்பது வருஷம் பழகியவன். இப்படி ஒரு கதையை என்னிடம் அவன் கேட்டதே இல்லை. சட்டையை விட்டான். கத்தரிக்கோலை உள்சட்டைக்குள் போட்டுக்கொண்டு, இடது பக்கம் இறங்கத் தொடங்கினான்.

புதரைத் தாண்டி, விழுந்து கிடந்த ஒரு ஹெம்லாக் மரத்தின் அந்தப் பக்கம் கடா கிடந்தது. அதற்கு நாலெட்டு முன்னால்தான் முதல் ரத்தம். ஹார்லன் குனிந்து, நான் சொன்ன இடத்தில் ஒரு விரலை வைத்துப் பார்த்தான். விரல் சரியாக ஓட்டையில் விழுந்தது. எழுந்து தொண்டையைச் செருமினான். பிறகு ஒரு கொம்பைப் பிடித்தான். நான் மற்றதைப் பிடித்தேன்.

இழுத்துக்கொண்டு வரும்போது பெருமை பேசலாமென்று வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. இப்படி எனக்கு நடந்ததில்லை. நெஞ்சு மட்டும் குடிலின் கதவுக்குள் நுழையாத அளவு விரிந்திருந்தது, பக்கவாட்டில்தான் நுழைந்தேன்.

நாளைக்கும் பாறை என்னுடையது. அடுத்த வருஷமும்.

நவம்பர் 27

ஆர்டித்தின் பணிமனைக்குப் பின்னங்கால் கறி ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, கடா எவ்வளவு பெரிசு மாமா என்று கேட்டாள்.

"நடுத்தரம்," என்றேன்.

அவள் கிட்டே வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே," என்றாள். பிறகு ரொம்ப நேரம் பேருந்தின் அடியில் படுத்துக்கொண்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே முடுக்கியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணுக்கு மாமனாக இருக்க இந்த மாநிலத்தில் வேறு யாருக்கும் தகுதி கிடையாது.

டிசம்பர் 19

பனி. மண்வெட்டி. லொவினா ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள்.

ஜனவரி 6

மதியம் ஹார்லன் வந்தான். காப்பி குடித்தான். பனியைப் பற்றிப் பேசினான், தீவன விலையைப் பற்றிப் பேசினான். இரண்டாவது கோப்பையும் முடிந்த பிறகு, அந்தப் பூனைக்குட்டி எங்கே, அது எவ்வளவு மோசம் என்று சும்மா ஒரு தடவை பார்க்கிறேன் என்றான். பின்பக்கம் கூட்டிப்போனேன். மண்மேட்டில் ஒரு காகிதத் தட்டைக் குத்தி வைத்துச் சுட்டான். இன்னொரு தோட்டா கேட்டான். பிறகு இன்னொன்று. தொலைநோக்கியிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

போகும்போது துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி அவன் வண்டியில் வைத்துக்கொண்டான். ஒரு வாரத்துக்கு மட்டும். தன் மருமகனுக்குக் காட்ட வேண்டுமாம். ஆர்டித் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் சுடுகளத்துக்கு வருகிறாளா என்றும் கேட்டான், அதுவும் அந்த மருமகனுக்காகத்தான்.

தாராளமாக எடுத்துக்கொண்டு போ என்றேன்.

ஹார்லனுக்கு மருமகன் கிடையாது. பிள்ளைகளே கிடையாது.