பெட்டியைத் திறக்கும் முன்

கான்சாஸ்,
10 செப்டம்பர் 1944, ஞாயிறு.

மதிப்பிற்குரிய திருமதி வாவ்ரா அவர்களுக்கு,

வெர்லா எழுதிக்கொள்வது. நலமாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கை கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பெட்டியும் வந்திருக்கும். இன்னும் திறக்கவில்லை என்றால், தயவுசெய்து அதை மேசைமேல் வைத்துவிட்டு முதலில் இதைப் படித்து முடியுங்கள். திறந்துவிட்டீர்கள் என்றால் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். உள்ளே இருப்பது எமில் எனக்குப் போட்ட மோதிரம்தான். ஆனால் தபாலில் மோதிரம் திரும்பி வந்தால் ஊரெல்லாம் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்ளுமோ, அந்த அர்த்தம் இதற்கு இல்லை. உங்கள் தபால் நிலையத்து அம்மாள் பெட்டியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியிருந்தால் அவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

முதலில் நன்றி சொல்ல வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். கசகசா வைத்த கொலாச் ரொட்டிகள் ஒன்றுகூட உடையாமல் வந்து சேர்ந்தன. சர்க்கரைக்குக் கூப்பன் வெட்டிக் கொடுக்கிற இந்தக் காலத்தில் அவ்வளவு இனிப்பு எங்கிருந்து சேர்த்தீர்கள் என்று தெரியவில்லை. என்னோடு அறையில் தங்கியிருக்கும் ஓபல், ஆர்கன்சாஸ்காரி, நான்கைத் தின்றுவிட்டு, "எனக்கு ஒரு மாமியாக்காரி வாச்சாளே, தண்ணி கேட்டாலே கணக்குப் பாப்பா. உனக்கு வாச்சதப் பாரு" என்று என்னைத் திட்டினாள். இந்த ஓபல்தான் தொழிற்சாலையிலும் என் ஜோடி. அவளைப் பற்றிக் கீழே எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டாவது நன்றி அந்தத் தந்திக்காக. எமில் ஏறிய விமானம் திரும்பவில்லை, ஆளைக் காணவில்லை என்று ராணுவம் உங்களுக்குத்தான் தந்தி அடித்தது. எனக்கு அடிக்கமாட்டார்கள். நிச்சயம் ஆனவள் அவர்கள் கணக்கில் யாருமில்லை. நீங்கள் அந்தத் தந்தியை ஒரு வார்த்தை விடாமல் உங்கள் கையால் எழுதி அன்றைக்கே எனக்கு அனுப்பினீர்கள். எப்படி எழுதினீர்களோ. உங்கள் நிலையில் இருந்திருந்தால் என்னால் பேனாவைத் தொட்டிருக்க முடியாது.

மூன்றாவது, போன மாதக் கடைசியில் வந்த உங்கள் கடிதம். "உனக்கு இருபத்திரண்டு வயது. பதினொரு வாரமாகச் செய்தி இல்லை. நீ கட்டுப்பட்டு இருக்க வேண்டியதில்லை, மோதிரம் உன்னுடையதுதான், ஆனால் அது உன்னைப் பிடித்துவைக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தீர்கள். இதற்கு நன்றி சொல்வதா சண்டை போடுவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. பெற்ற மகனைப் பற்றிச் செய்தி இல்லாத நேரத்தில் யார் வீட்டுப் பெண்ணுக்கோ வழிவிட்டு எழுத ஒரு மனசு வேண்டும். அந்த மனசுக்கு நன்றி. நீங்கள் விட்ட வழி எனக்கு வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் இத்தனை பக்கம்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்த மோதிரத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. பத்திரிகைப் படங்களில் வருகிற மாதிரி மெல்லிசாக, வெள்ளையாக, பிளாட்டினத்தில் ஒன்று வரும் என்று ஆசையாக இருந்தேன். பிளாட்டினம் எல்லாம் போருக்குப் போய்விட்டது என்று உங்கள் ஊர் நகைக்கடை ஸ்டெர்பா கையை விரித்துவிட்டார். செம்பைக் கூட்டிச் சிவந்த தங்கத்தில், ரிப்பனை முடிச்சுப் போட்ட மாதிரி உப்பலாக, உள்ளே வெறும் கூடாக, ஒற்றைக் கல் வைத்து அவர் செய்துகொடுத்ததை எமில் கொண்டுவந்தான். என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, செப்புக் கெண்டியோட மூக்கு மாதிரி செவந்து கெடக்கு" என்றாள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும் என்று எமிலிடம் காட்டிக்கொண்டதே இல்லை. அவன் விடுப்பில் வந்தபோது உங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன் அல்லவா? ஒரு காலையில் தண்ணீர் குடிக்க வந்தபோது அடுக்களைக் கதவருகே நின்று பார்த்துவிட்டேன். உங்கள் விரல் வீங்கி, உங்கள் கல்யாண மோதிரம் கழலவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தீர்கள். பிறகு காலுறை தைக்கிற நூலை விரலைச் சுற்றி இறுக்கிச் சுற்றி, அதன்மேல் மோதிரத்தை ஒவ்வொரு சுற்றாக நகர்த்தினீர்கள். எமில் போதும் விடும்மா என்று கெஞ்சினான். நீங்களோ, "இருபத்தஞ்சு வருசம் மாவு பெசஞ்ச விரல் அப்படித்தான் இருக்கும். நீ சும்மா இருடா, அந்தப் பொண்ணு எந்திரிச்சு வந்துடப் போகுது" என்றீர்கள். அந்தப் பெண் எழுந்து வந்து கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். உங்கள் மோதிரத்தின் பொன்னையும் ஸ்டெர்பா உருக்கிவிட்டார், கல்லை எனக்கு வைத்தார், சின்னக் கல் பெரிதாகத் தெரியட்டும் என்று சுற்றிலும் வெள்ளைத் தகடு பதித்தார். அன்று முதல் உங்கள் விரலில் தழும்பு மட்டும்தான் இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே கெண்டி மூக்கு என்று சிரித்தேன் பாருங்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

தொழிற்சாலையில் மோதிரம் போட அனுமதி இல்லை. இயந்திரத்தில் மாட்டினால் விரலோடு போய்விடும். அதனால் அதை ஒரு ரிப்பனில் கோத்துக் கழுத்தில், சட்டைக்குள் போட்டுக்கொள்வேன். அதுவும் விதிப்படி தப்புதான், எல்லாப் பெண்களும் செய்கிற தப்பு. உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த மோதிரத்தை அவிழ்த்துப் பார்ப்பதும் திரும்பக் கட்டுவதுமாகவே இருந்தேன். முப்பத்தொன்றாம் தேதி வியாழக்கிழமை கட்டியது சரியான முடிச்சு இல்லை போலிருக்கிறது. உங்கள் மேல் பழி போடவில்லை. முடிச்சுப் போட்டது என் கை.

எங்கள் வேலை குண்டுவீச்சு விமானத்தின் இறக்கையில் தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணி அடிப்பது. நான் வெளியே நின்று அடிப்பேன். ஓபல் குள்ளம், அதனால் இறக்கைக்குள் நுழைந்து மறுபக்கம் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பாள். அன்று அவளுக்குச் சளி பிடித்து மூச்சு முட்டியதால் மதியம் வரை நான் உள்ளே இருந்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. வெளியே வந்து, கை கழுவி, பெஞ்சுக்குப் போய்க் கழுத்தைத் தொட்டால் ரிப்பன் மட்டும் இருக்கிறது. அதற்குள் இறக்கை நகர்ந்து அடுத்த வேலை வரிசைக்குப் போய்விட்டது. அங்கே மூடுதகடுகளைப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பாதி ரொட்டியைத் தின்றேன். சொன்னால் வேலை போகும், தகடுகளைப் பிரிக்க வேண்டிவரும், முழு வரிசையும் என்னால் நிற்கும். ஓபல் மெதுவாக, "இம்புட்டூண்டு மோதிரம் அம்புட்டுப் பெரிய வண்டிய என்னடி பண்ணிடும்? வாய மூடிக்கிட்டு இரு" என்றாள். சொன்னவள் தன் ரொட்டியைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். இறக்கையின் நுனியில் இருக்கும் மடலை ஏற்றி இறக்குகிற எஃகு வடம் அந்த வழியாகத்தான் போகிறது என்பது அவளுக்கும் தெரியும். அதன் உருளையில் சின்னதாக ஏதாவது சிக்கினால் போதும், வானத்தில் பையன்கள் திரும்ப நினைத்த பக்கம் விமானம் திரும்பாது.

எமில் ஏறிப்போன விமானத்தையும் எங்கேயோ ஒரு பெண் கட்டியிருப்பாள். அவளும் ஒருநாள் எதையாவது கை தவறி விட்டிருப்பாளோ, விட்டால் வாய் திறந்திருப்பாளோ என்று அந்தப் பெஞ்சில் நினைத்தேன். மீதி ரொட்டியைக் காகிதத்தில் மடித்துவைத்துவிட்டு எழுந்தேன்.

பரிசோதகர் ஹார்லன் பைக் என்பவர் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. கையில் பிடி வைத்த சின்னக் கண்ணாடியும் டார்ச்சுமாகத் திரிவார். அவரிடம் போய் மோதிரம் விழுந்துவிட்டது என்றேன். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "எந்த எறக்க?" காட்டினேன். சிவப்புச் சீட்டைக் கட்டினார். வரிசை நின்றது. அறுபது பேர் என்னைப் பார்த்தார்கள்.

மூடிய தகடுகளைப் பிரித்ததும், அந்தச் சளியோடு, யாரும் கேட்காமலே ஓபல் உள்ளே போனாள். கால்மணி நேரம் இருமல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு கையை வெளியே நீட்டினாள். அதில் மோதிரம் இல்லை, ஒரு இரும்புக் கட்டை இருந்தது. எங்களுடையதுகூட இல்லை. வேறு ஷிப்டில் யாரோ வைத்துவிட்டு மறந்தது. அது வடத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆப்பு வைத்த மாதிரி நின்றிருந்ததாம். அந்த மூலை பைக்கின் கண்ணாடிக்கு எட்டாது. அவர் அதை வாங்கிக் கையில் எடைபார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு அப்படியே ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடம், "இன்னும் உம்மோதிரம் வரலியே. தேடச் சொல்லு. வரிச நிக்கட்டும்" என்றார்.

இன்னும் அரைமணி நேரம் ஆயிற்று. ஓபல் முட்டிபோட்டு நகரும்போது மோதிரத்தின்மேலேயே முட்டியை ஊன்றிவிட்டாள். வெளியே வந்து கால்சட்டையில் ரத்தத்தைக் காட்டி, "கல்யாணத்துக்கு மின்னாடியே உன் மாப்பிள்ள என்னக் குத்திட்டான்டி" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன், அறுபது பேரும் கேட்டிருப்பார்கள்.

விதியை மீறியதற்காக மூன்று நாள் வேலையில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். நியாயம்தான். திரும்பிப் போன அன்று என் இடத்தில் ஒரு கோப்பை காப்பி ஆறிக்கொண்டிருந்தது. யார் வைத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் பைக் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் அந்த விமானம் கிளம்பியது. எல்லோரும் வேலியோரம் போய்ப் பார்த்தோம். இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் சாய்ந்து, தெற்கே போயிற்று. உள்ளே இருக்கப்போகும் பையன்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களுடைய அம்மாக்களுக்கு உங்களைத் தெரியாது. ஆனால் நீங்கள் அன்று நூலைச் சுற்றி அந்த மோதிரத்தைக் கழற்றியிருக்காவிட்டால் அந்த இறக்கையை யாரும் பிரித்திருக்கமாட்டார்கள். இதை உங்களுக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

இப்போது பெட்டியைத் திறக்கலாம்.

மோதிரம் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். உள்ளே கூடு என்பதால் முட்டிக்குத் தாங்கவில்லை. கல்லைப் பிடித்திருந்த நான்கு காலில் ஒன்று பிய்ந்துவிட்டது, அதனால் கல்லைத் தனியே காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். பயப்படாதீர்கள், கல்லுக்கு ஒரு கீறலும் இல்லை. இங்கே இரண்டு கடையில் காட்டினேன். இந்தச் சிவப்பு தங்களிடம் இல்லை, செம்பு ஒவ்வொருவர் கலவையில் ஒவ்வொரு விதம், வேறு பொன்னை வைத்துப் பற்றவைத்தால் ஒட்டுப்போட்டது தெரியும் என்று இருவருமே சொன்னார்கள். உருக்கியவரிடமே போக வேண்டுமாம். அதனால்தான் உங்களுக்கு அனுப்புகிறேன். ஸ்டெர்பாவிடம் கொடுத்து நிமிர்த்தித் தரச் சொல்லுங்கள். அவசரமில்லை.

சரிசெய்ததைத் தபாலில் அனுப்ப வேண்டாம். நவம்பரில் நன்றித் திருநாளுக்கு இரண்டு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன், அங்கே வருகிறேன். அதற்குள் எமில் வந்துவிட்டால் அவன் போட்டுவிடட்டும். வரவில்லை என்றால் நீங்கள் போட்டுவிடுங்கள். அதுவரை உங்கள் சுண்டுவிரலுக்காவது அது நுழைகிறதா பாருங்கள். கொஞ்ச நாள் உங்கள் கல் உங்களிடம் இருக்கட்டும்.

ஓபல் தன் விலாசத்தையும் எழுதச் சொல்கிறாள், ரொட்டிக்காகத்தான். ஜெர்மானியர்கள் பிடித்துவைத்திருப்பவர்களின் பட்டியல் வர நான்கைந்து மாதம்கூட ஆகும் என்று இங்கே ஒரு பெண் சொன்னாள், அவள் அண்ணன் பெயர் அப்படித்தான் வந்ததாம். நீங்கள் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். குளிர்காலத்துக்கு விறகு பிளக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள், எமில் வந்து பார்த்தால் என்னைத்தான் கேட்பான்.

இன்னொன்று. பெட்டியின் அடியில் ஒரு துண்டு நூல் இருக்கும், தூக்கிப்போட்டுவிடாதீர்கள். ரிவெட் அடித்து அடித்து என் விரலும் தடித்துவிட்டது, பழைய அளவு இறுக்குகிறது. நூலில் இரண்டு முடிச்சுப் போட்டிருக்கிறேன், இந்த முறை நல்ல முடிச்சு. அந்த இடைவெளிதான் புது அளவு என்று ஸ்டெர்பாவிடம் சொல்லுங்கள். மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கிறவள் விரல் அளவு அனுப்பமாட்டாள் அம்மா.

கடவுள் உங்களையும் அவனையும் காப்பாற்றட்டும்.

உங்கள் வீட்டுக்கு வரவிருக்கும்,
வெர்லா