ஏறிய எண்ணெய்

9 அக்டோபர் 1963, புதன். மாதுங்கா.

காலையில் ஊரிலிருந்து தம்பி வந்தான். என் சேமிப்பில் வாங்கிய, மண்ணெண்ணெயில் ஓடும் பழைய டிராக்டர் அவன் பொறுப்பில் இருக்கிறது.

"ஆறு மாசமா இஞ்சின் ஆயிலே மாத்தலண்ணே. அளவு குறையவேயில்ல, ஏறித்தான் இருக்கு" என்று கிங்ஸ் சர்க்கிளில் காபி குடித்தபடி பெருமையாகச் சொன்னான்.

ஏறியது ஆயில் அல்ல, அதில் கசிந்து கலக்கும் மண்ணெண்ணெய். நீர்த்துப்போன ஆயிலில் ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சினே இறுகிவிடும். நாளைக் காலை அவன் மைத்துனர் அதை வைத்து உழப்போகிறார். நிதானமாக விளக்கினேன்.

"நேத்துவரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?"

குரலை உயர்த்தாமல் தந்தி அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். டிராக்டரைத் தொடக்கூடாது என்று மைத்துனருக்கு எழுதினேன்.

"நான் சொகமா வந்து சேந்தேன்னும் போட்டுருங்கண்ணே" என்றான்.

போடவில்லை. அடுத்த அறையில் நிம்மதியாகக் குறட்டை விடுகிறான். தந்தி விடியுமுன் போய்ச் சேருமா என்று நான்தான் விழித்துக் கிடக்கிறேன்.