டுவேனுக்கு அடிக்கும் ஹாரன்

ஜனவரி 6

ஏப்ரலில் எனக்கு அறுபத்தைந்து. இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஓயாமல் போன். கடைசியாக வந்தவனிடம், "அந்தம்மா செத்துட்டாங்க, நாளைக்கு அடக்கம்" என்றேன். "வீட்டுக்காரருக்கு என்ன வயசுங்க?" என்கிறான், வெட்கங்கெட்டவன்!

ஜனவரி 9

அக்கா மார்லிஸ் ஓசிச் சாப்பாட்டுக்கு இழுத்துப் போனாள். தட்டில் கோழி, எதிரே பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு ஏஜென்ட். அறுபத்தைந்து ஆனவர்களுக்கு அரசாங்கம் தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேரை நேராகவே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அவன் கம்பெனி வழியாக வாங்கலாம். கம்பெனி வழியில் பல் வைத்தியமும் உண்டு. ஆனால் அவர்கள் கைகாட்டும் டாக்டரிடம்தான் போக வேண்டும். மே மாதம் என் இடுப்பு மூட்டை ஆபரேஷன் செய்து மாற்றப்போகிற டாக்டர் அதில் இல்லை. போய்யா, நீயும் உன் பல்லும்.

மே மாதத்துக்குள் மெடிகேர் வந்தாக வேண்டும். இன்னொரு விஸ்கான்சின் குளிரை இந்த இடுப்பு தாங்காது.

ஜனவரி 15

மெடிகேருக்குப் பதிய சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மெடிகேரில் ஆஸ்பத்திரிக்கான பாகம் இலவசம்தான், பத்து வருடம் சம்பளத்தில் வரி கட்டியவர்களுக்கு. என் பெயரில் ஆறரை வருடம்தான் இருக்கிறதாம். அதனால் மாதம் ஐந்நூறு டாலருக்கு மேல் கட்டு என்கிறார்கள். எங்கே போவேன்?

என் பழைய புருஷன் டுவேன் வீட்டு ஹோட்டலில் ஒன்பது வருஷம் மீன் வறுத்தேனே, அது எங்க போச்சு? "கட்டின பொண்டாட்டிக்கு எவனாவது சம்பளம் போடுவானா?" என்பான். கையில எண்ணெய்த் தழும்பு இருக்கு, கணக்குல ஒண்ணும் இல்ல. பாவி! நல்லா இருப்பானா அவன்?

ஜனவரி 16

ஏரிச் சாலை. உறைந்த ஏரியின் மேல், பனியில் துளை போட்டு மீன் பிடிக்கும் டுவேனின் கொட்டகை, புகைபோக்கியில் புகை. எங்கள் அப்பா கட்டிய கொட்டகை அது. விவாகரத்தில் அதை மட்டும்தான் கேட்டேன். தரமாட்டேன் என்று கோர்ட்டை இழுத்தடித்தான்; நீதிபதியும் கடைசியில் அவனுக்கே கொடுத்தார். வழக்கம்போல் ஹாரனை நீளமாக அழுத்தினேன். மீனுக்குக் கேட்கிறதோ இல்லையோ, அவனுக்குக் கேட்கும்.

ஜனவரி 23

ஊரார் கூடும் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்கு அக்காவோடு போனால், தட்டும் கையுமாக டுவேன் வந்து நிற்கிறான்.

"என்ன ரெனே, முப்பது வருஷமாச்சு, இன்னும் வயித்தெரிச்சல் தீரலையா? ஹாரன் அடிச்சிட்டே திரியுற?"

"உன் அடக்கத்தன்னிக்கும் வந்து அடிப்பேன்."

திரும்பும்போது அக்கா ஆரம்பித்தாள். "அவன் பேர்ல நீ வாங்கலாமாமே? பத்து வருஷம் பொண்டாட்டியா இருந்து, மறுபடி கட்டிக்காம இருந்தா, பழைய புருஷன் கட்டின வரியே போதுமாம். ஏஜென்ட் சொன்னான், நீ கோழியப் பாத்துட்டு இருந்த."

"நான் இருந்தது ஒன்பதுதான்."

"இன்னும் ஒரு வருஷம் பல்லக் கடிச்சிட்டு இருந்திருக்கக் கூடாதாடி?"

காரை நிறுத்தி, இறங்கு என்றேன். இறங்கவில்லை. ஒரு வருஷமாம்! அந்த வீட்டில் ஒரு நாள் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியுமா?

பிப்ரவரி 3

அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் நிதானமாகக் கேட்டாள். "எத்தனை வருஷம் சேர்ந்து இருந்தீங்கன்னு கேக்கலைங்க. கல்யாணம் எப்போ? கோர்ட்டுத் தீர்ப்பு எப்போ?"

கல்யாணம் எண்பத்திரண்டு ஜூன். வீட்டை விட்டு வந்தது தொண்ணூற்றொன்று. தீர்ப்பு — தொண்ணூற்று மூன்று மார்ச்.

"அப்போ பத்து வருஷம் தாண்டிடுச்சே!"

அந்தக் கொட்டகைக்காக அல்லவா கையெழுத்துப் போடாமல் இழுத்தான்?

"இதனால அவருக்கு வர்றதுல எவ்வளவு குறையும்?" ஆசையாகத்தான் கேட்டேன்.

"ஒண்ணும் குறையாதுங்க. அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது."

சே.

பிப்ரவரி 4

அக்காவிடம் சொன்னேன். சிரிப்பை நிறுத்தவே மாட்டேன் என்கிறாள், சனியன்.

மார்ச் 11

மெடிகேர் அட்டை வந்துவிட்டது. கம்பெனி வேண்டாம், அரசாங்கத்துடையதே போதும். இடுப்புக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

ஏரிச் சாலை வழியாகத்தான் வந்தேன். பனி இளகத் தொடங்கிவிட்டது. மற்றவர்கள் கொட்டகையைக் கரைக்கு இழுத்துப் போய்விட்டார்கள், டுவேனுடையது மட்டும் நிற்கிறது. பிடிவாதம் பிடித்த கழுதை. அவனை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

கை ஹாரனுக்குப் போனது. அடிக்காமல் வந்துவிட்டேன்.